இருபத்திரண்டு காலடிக்கு ஒரு பெர்மிட்

தண்டையார்பேட்டையில் எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பம், ஒரே கக்கூஸ். முதல் வீட்டு லோகநாதனின் வாசலிலிருந்து அந்தக் கதவு வரை இருபத்திரண்டு காலடி. அளந்து சொன்னவர் அவரேதான். ஹார்பரில் முப்பத்தொரு வருஷம் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். பார்வையாலேயே தூரம் சொல்வார், தப்பாது.

அவருக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருஷமாகிறது. கை நடுக்கத்தை அவர் பொருட்படுத்துவதில்லை. "டீ தானா கலங்கிக்குது, ஸ்பூன் மிச்சம்" என்பார். வம்பு செய்வது கால்தான். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும். வாசல்படியில் ஒட்டும், திருப்பத்தில் ஒட்டும், குறுகலான சந்தில் ஒட்டும். எங்கள் லைனில் இந்த மூன்றைத் தவிர வேறு இடமே கிடையாது.

அதனால் அவர் மனைவி தாயம்மாதான் தோள் கொடுத்துக் கூட்டிப்போவார். உள்ளே உட்கார வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி அங்கேயே நிற்பார். கீழே விழுந்துவிட்டால்? கதவை ஒருக்களித்து வைத்திருப்பார்கள். இரண்டு வருஷமாக லோகநாதன் உள்ளே போனால் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடப்படவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் மற்ற நாலு வீட்டுக்காரர்களும் ஆகாயத்தைப் பார்ப்போம்.

"மூணு டன்ன கவுத்துல தொங்க வுட்டு, முட்ட ஒடையாம எறக்கனவன்யா நானு. இப்ப என்னிய எறக்கறதுக்கு ஒரு ஆளு" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்போதுதான் ஜெஸ்லின் வந்தாள். ராயபுரத்துப் பெண். காலேஜில் ஆராய்ச்சி. முதியவர்கள் நடப்பதற்கு உடம்பில் மாட்டிக்கொள்ளும் ரோபோ ஒன்றைச் செய்திருந்தாள். இடுப்பில் பெல்ட், இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு மோட்டார், தொடையில் பட்டை, முதுகில் பேட்டரிப் பெட்டி. கைலிக்குள்ளே அடங்கிவிடும், உட்கார அவிழ்க்க வேண்டியதில்லை. மோட்டார் சரியான நேரத்தில் தொடையைத் தூக்கிக் கொடுக்கும், சாய்ந்தால் தாங்கும். பத்துப் பேருக்குச் சோதனையாகக் கொடுத்ததில் லோகநாதன் எட்டாவது ஆள்.

முதல் நாள் மெஷின் "டிக், டிக்" என்று தாளம் போட்டது. அந்தத் தாளத்துக்குக் காலை எடுத்து வைக்க வேண்டும். லோகநாதன் அசையவில்லை.

"டிக்கு டிக்குன்றது. யார்கிட்ட சொல்லுது அது?"

"உங்ககிட்டதான் அங்கிள்."

"என்கிட்ட அப்டி யாரும் பேசுனது கெடையாதும்மா."

கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்த தாயம்மாவுக்குக் கோபம் வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். "யோவ்! ஹபேஸ்!"

வலது கால் எழும்பியது.

"ஆரியா!"

கால் இறங்கியது.

கப்பலில் சரக்கு ஏற்றும்போது வின்ச் ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே நின்று ஒருத்தர் குரல் கொடுப்பார். ஹபேஸ் என்றால் தூக்கு. ஆரியா என்றால் இறக்கு. அந்த இரண்டு சொல்லுக்கு முப்பத்தொரு வருஷம் கீழ்ப்படிந்த உடம்பு. தூக்கத்தில்கூட அதையே சொல்வார் என்பதால் தாயம்மாவுக்கும் மனப்பாடம். ஜெஸ்லின் போனை எடுத்து, "ஆன்ட்டி, அதே கோவத்தோட இன்னொரு தடவ சொல்லுங்க" என்று பதிவு செய்து, டிக் டிக்கை எடுத்துவிட்டு அதை மெஷினில் ஏற்றினாள்.

மறுநாள் காலை ஏழரை. லோகநாதன் தனியாகக் கிளம்பினார். இடுப்பிலிருந்து தாயம்மாவின் குரல் ஹபேஸ், ஆரியா என்று அதட்ட, இருபத்திரண்டு காலடி. கதவைச் சாத்தினார். பிறகு உள்ளிருந்து ஒரு சத்தம்.

டடக்.

தாழ்ப்பாள். குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றது. பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தவரிடம் தாயம்மா கேட்டார்: "அவ்ளோ நேரம் உள்ள இன்னாய்யா பண்ண?"

"சொம்மா குந்திகினு இருந்தேன். தனியா குந்தி ரெண்டு வருசம் ஆவுதில்ல."

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த விஷயத்தைக் கவனிக்க நாட்டில் ஒரு அலுவலகம் இருந்தது. மூத்தோர் நடை மேம்பாட்டு வாரியம். சோதனைக் காலம் முடிந்ததால் கருவிகள் எல்லாம் இனி வாரியத்தின் சொத்து, பயனாளி கருவியுடன் நேரில் வரவும் என்று கடிதம் வந்தது. வாரியம் ஒரு குடோனுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. லோகநாதனை ஏற்றிச் சேர்க்க ஐம்பது நிமிஷம் பிடித்தது.

"நடக்க முடியாதவங்க வர்ற ஆபீசு, கீழ வச்சா இன்னா சார்?" என்று தாயம்மா மூச்சு வாங்கக் கேட்டார்.

கண்காணிப்பாளர் நீலமேகம் சாந்தமான மனிதர். "வச்சிருந்தோம்மா. தினமும் கூட்டம் வர ஆரம்பிச்சிடுச்சு. மேல மாத்தின பிறகு மனுக்கள் தொண்ணூறு சதவீதம் குறைஞ்சிருக்கு. அதாவது, பிரச்சினைகள் தீர்ந்திருக்கு."

பிறகு மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "மோட்டார் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள் ஜெஸ்லின்.

"பேட்டரி? ஆளை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போகுதா?"

"அதுக்குத்தானே சார் செஞ்சோம்."

"அப்ப இது வண்டி."

"சார், இது மருத்துவக் கருவி."

"மருத்துவக் கருவின்னா நோயாளி படுத்திருக்கணும். இவர் நடக்கிறாரே? நடக்கிறவரை நோயாளின்னு எழுதினா தணிக்கையில எனக்குத்தான் கேள்வி வரும். வண்டின்னு போட்டுடறேன், பாதுகாப்பு."

வண்டி என்றானதும் அடுத்தடுத்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. லோகநாதனின் முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்றாக 'L' ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். தாயம்மாவின் குரலை நீக்கினார்கள்.

"வாரியத்தோட சொத்துல தனி நபர் குரல் எப்படிம்மா? அதுவும் இவ்வளவு கோபமா? தலைவர் அவர்களே மூணு நாள் உட்கார்ந்து சொந்தக் குரல்ல பேசிக் கொடுத்திருக்கார். ஒவ்வொரு தடவையும் வண்டி புறப்படறதுக்கு முன்னாடி அது ஒலிக்கணும்."

சுவிட்சைப் போட்டார். லோகநாதனின் இடுப்பு பேசியது.

"அன்பார்ந்த மூத்த பயனாளியே, வணக்கம். முதுமை என்பது ஓய்வு அல்ல, ஓட்டம். தள்ளாடும் கால்களைத் தாங்கும் தூணாகத் திகழ்ந்துவரும் நமது வாரியம், கடந்த நிதியாண்டில் எண்ணற்ற கால்களைத் தொட்டுள்ளது. அவ்வழியில் தங்கள் பொன்னான வலது பாதத்தை முன்னெடுத்து வைக்குமாறு கனிவுடன் கேட்டுக்கொண்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்."

நாற்பது வினாடி. கடைசியில் அமர்ந்தும் விட்டார்.

"இவுரு குந்திட்டாரு. நானு நிக்கிறேனே" என்றார் லோகநாதன்.

"நின்னாத்தான் புறப்பட முடியும். அடுத்த புதன்கிழமை லைசென்ஸ் தேர்வு. எட்டு போடணும்."

"வாய்ல சொல்லாத சார், எழுதிக் குடு" என்றார் தாயம்மா.

"எழுதித்தான் தருவோம். வாய்மொழி உத்தரவு இந்த வாரியத்துல செல்லாது. நானே சொன்னாலும் செல்லாது."

எட்டுப் போட மைதானம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் நீலமேகத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்துப் பூங்காவில் காலை நடைக்காரர்களுக்காக எட்டு வடிவத்தில் கூழாங்கல் பாதை போட்டிருக்கிறார்கள். அந்த எட்டில் தினமும் நடந்தால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, பங்காளிச் சண்டை எல்லாம் தீரும் என்று பலகை சொல்கிறது. வளைவும் குறுக்கு வெட்டும் திருப்பமும் தவிர அந்தப் பாதையில் ஒன்றும் கிடையாது. பார்க்கின்சன்காரரின் காலை நிறுத்தவென்றே யாரோ கோலம் போட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பாதை நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் ஆறுமுகநயினாரின் ஆட்சியில் இருந்தது. தெற்கேயிருந்து வந்து பருப்பு மண்டி வைத்திருப்பவர். அவர் சட்டப்படி தெற்கிலிருந்து வடக்காக இருபத்தொரு நிமிஷம், பிறகு வடக்கிலிருந்து தெற்காக. யாரும் யாரையும் முந்தக்கூடாது. நடுவில் எட்டை உடைத்து வெளியேறினால் பலன் போய்விடும்.

ஹெல்மெட்டும் இரண்டு 'L'லுமாக லோகநாதன் எட்டில் இறங்கினார். பின்னால் பதினொரு நடைக்காரர்கள். இடுப்பில் வாரியத் தலைவர் உரை முடிந்தது, முதல் நாலு அடி தட்டுத்தடுமாறிப் போனது. எட்டின் நடுவே பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கால் ஒட்டிக்கொண்டது.

"அன்பார்ந்த மூத்த பயனாளியே, வணக்கம்" என்றது இடுப்பு.

பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். முந்தக்கூடாது, வெளியேறவும் கூடாது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வே, நட்ட நடுவுல நின்னுட்டீரு?" என்றார் ஆறுமுகநயினார். "எம் பின்னால ஒருத்தரு முந்நூறு சக்கரையோட நிக்காரு."

"நானு நிக்கல அண்ணாச்சி. தலைவரு பேசிக்கினு கீறாரு."

உரை முடிந்தது. கால் வரவில்லை. உரை மறுபடி தொடங்கியது. மூன்றாவது தடவை நடைக்காரர்களில் சிலர் கூடவே சொன்னார்கள். ஐந்தாவது தடவை 'எண்ணற்ற கால்களை' என்ற இடத்தில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நீலமேகம் உருகிப்போய், "மக்கள்கிட்ட எவ்வளவு சீக்கிரமா போய்ச் சேருது பாருங்க" என்று ஜெஸ்லினிடம் சொன்னார்.

லோகநாதன் ஹெல்மெட்டுக்குள் வேர்த்தார். உடம்பு முன்பக்கம் சாயத் தொடங்கியது. வேலிக்கு வெளியே நின்ற தாயம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"யோவ்! ஹபேஸ்!"

கால் பிய்த்துக்கொண்டு எழுந்தது.

"ஆரியா! ஹபேஸ்! ஆரியா!"

லோகநாதன் போனார். பின்னால் பதினொரு பேரும், தங்களை அறியாமல், ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் இறக்கிப் போனார்கள். எட்டு முழுசாக முடிந்தது.

"எடே, அந்த அம்மாளச் சங்கத்துல சேத்துடுங்கடே" என்றார் ஆறுமுகநயினார். "இன்னைக்குத்தான் எல்லாரும் ஒழுங்கா நடந்திருக்கோம்."

நீலமேகம் நீண்ட நேரம் எழுதினார். "தேர்வில் வெற்றி. ஆனா ஓட்டினது யாருங்கிறதுல தெளிவு வேணும். யார் சொன்னதுக்கு வண்டி நகர்ந்ததோ அவங்கதான் ஓட்டுநர். லைசென்ஸ் தாயம்மா பேருக்கு."

"அப்ப நானு?" என்றார் லோகநாதன்.

"நீங்க ஓட்டலை. பயணின்னு போடலாம்னா வண்டியில சீட்டு இல்லை." பேனாவைத் தாடையில் தட்டினார். பிறகு முகம் மலர்ந்து எழுதினார். "சுமை, ஒன்று. எடை, அறுபத்து நாலு கிலோ."

லோகநாதன் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "முப்பத்தோரு வருசம் லோடு எறக்கனேன் சார். ரிட்டயராயி லோடாவே பூட்டேன்."

ஒரு நன்மை நடந்தது. ஓட்டுநர் குரல் என்ற முறையில் தாயம்மாவின் ஹபேஸ், ஆரியா மெஷினில் திரும்ப ஏறியது. தலைவர் உரைக்குப் பிறகுதான் என்றாலும் ஏறியது. அன்று சாயங்காலம் எங்கள் லைனே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு லோகநாதன் எழுந்து நின்றார். தலைவர் பேசி அமர்ந்தார். அதன்பின் மெஷின் வேறு ஏதோ சொன்னது: "சுமை ஊர்திகளுக்குத் தடை நேரம். பதினோரு மணிக்கு மேல் முயற்சிக்கவும்." மூட்டுகள் இறுகிப் பூட்டிக்கொண்டன.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரிகளால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்க முடியாது. அதனால் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை கனரகச் சுமை வண்டிகள் ஓடக்கூடாது என்று வாரியம் எங்கோ படித்திருந்தது. லோகநாதனும் சுமை வண்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் நாற்பதடி கன்டெய்னர்களோடு, ஒரு நியாயமாக, அவரும் நிறுத்தப்பட்டார்.

மெஷினை அவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் தாயம்மாவின் தோள், மறுபடியும் ஒருக்களித்த கதவு. நாங்கள் மறுபடியும் ஆகாயத்தைப் பார்த்தோம். மூன்றாம் நாள் தாயம்மாவுக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. ஐந்தாம் நாள் லோகநாதன் காலை டீயை வேண்டாம் என்றார். டீ குடித்தால் வயிறு கலக்கும், கலக்காமல் இருந்தால் பதினொரு மணி வரை சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு.

குடிக்காத டீயைத் தாயம்மா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாரியத்தின் இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

"மாத்த முடியாதும்மா" என்றார் நீலமேகம். "விதி எல்லாருக்கும் பொது. விலக்கு வேணும்னா பட்டியல்ல இருக்கணும்." சுவரைக் காட்டினார்.

தாயம்மா பட்டியலை எழுத்துக் கூட்டிப் படித்தார். பால் வண்டி. குடிநீர் வண்டி. மருந்து வண்டி. தீயணைப்பு வண்டி. அடுத்ததில் விரல் நின்றது.

"இது இன்னா சார்? கழிவு ஏற்றிச் செல்லும் ஊர்தி."

"கழிவுநீர் லாரி. அதுக்கு நேரத் தடை கிடையாது. அத்தியாவசியம்."

"அப்ப என் வூட்டுக்காரரு காலைல ஏழரைக்கு இன்னாத்த ஏத்திக்கினு போறாரு? மல்லிப்பூவா?"

நீலமேகம் விதித்தாளை எடுத்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில், அவர் போட்ட விதிக்குள்ளேயே பதில் இருக்கிற கேள்வியை யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஓட்டை இல்லை.

"பொருந்துது" என்றார், கொஞ்சம் வருத்தத்துடன். "ஆனா போகும்போது மட்டும்தான். திரும்பும்போது கழிவு இருக்காதே? காலி வண்டிக்கு விலக்கு இல்லை. பதினோரு மணிக்கு மேல திரும்பலாம். வியாழக்கிழமை நானே நேர்ல வந்து ஆய்வு செய்வேன்."

"அது வரிக்கும் உள்ளயே குந்திகினு இருக்கணுமா?"

"உட்கார வசதி இருக்கு இல்ல?"

வியாழன் காலை ஏழு மணிக்கு நீலமேகம் வந்தார். முந்தின நாள் பீச் ஸ்டேஷன் பக்கம் சொந்தக்காரர் ஒருத்தர் பர்மா நூடுல்ஸான அத்தோவும் மசாலா முட்டையும் வாங்கிக் கொடுத்ததாகவும், பிரமாதம் என்றும் தாயம்மாவிடம் சொன்னார். தாயம்மா டீ கொடுத்தார். நன்றாக இருந்ததால் இன்னொரு டீ வாங்கிக் குடித்தார்.

ஏழரைக்குத் தலைவர் உரை. பிறகு ஹபேஸ், ஆரியா. இருபத்திரண்டு காலடி. டடக். நீலமேகம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்: 'சுமை இலக்கை அடைந்தது, 7.36.' உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. 'சுமை இறக்கப்பட்டது, 7.44.' காலி வண்டி என்று அவர் போனில் பதிவு செய்ததும் மெஷின் பூட்டிக்கொண்டது. பூட்டினால் எழுந்திருக்க முடியாது, இந்தத் தடவை பட்டைக்கும் வாரியம் பூட்டு வைத்திருந்ததால் அவிழ்க்கவும் முடியாது.

ஏழு ஐம்பதுக்கு நீலமேகம் எழுதுவதை நிறுத்தினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. ஃபைலை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அம்மா, இங்க வேற பாத்ரூம்?"

"பக்கத்து லைன்ல கீது சார். பூட்டு போட்டுகினு வேலைக்குப் பூட்டாங்க."

"ரோட்டுல பொதுக் கழிப்பிடம்?"

"தொறப்பு விழாக்கு இன்னும் தேதி குடுக்கல சார்."

வாளியோடு நின்ற நாங்கள் அவருக்கு வரிசையில் இடம் காட்டினோம். ஆறாவது. அவர் இடத்தைப் பொருட்படுத்தாமல் கதவைத் தட்டினார். "லோகநாதன்! கொஞ்சம் வெளிய வாங்க."

"வர்லாம் சார்" என்றது உள்ளிருந்து நிதானமான குரல். "காலி வண்டி. பதினோரு மணி ஆவணும்."

"நான் அனுமதி தர்றேன், வாங்க!"

"வாய்ல சொன்னா செல்லாதுன்னு நீதான சார் சொன்ன?"

நீலமேகம் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, ஃபைலைச் சுவரில் வைத்து எழுதினார். 'திரும்பும் பயணத்துக்கும், எந்த நேரத்துக்கும், நிரந்தர விலக்கு.' கையெழுத்து கோணலாக வந்தது. தாயம்மா வாங்கி, திருப்பிக் கொடுத்தார். "சீலு?" பையிலிருந்த சீல் குத்தப்பட்டது. போனில் பூட்டை விடுவித்தார்.

உள்ளே மெஷின் உயிர் பெற்றது. "அன்பார்ந்த மூத்த பயனாளியே, வணக்கம். முதுமை என்பது ஓய்வு அல்ல…"

"ஐயோ, இந்த ஆளு வாயை மூடுங்களேன்!" என்று நீலமேகம் அலறினார். அலறிய பிறகு, மூட வேண்டியவரே தான்தான் என்பது நினைவுக்கு வந்தது. போனில் தேடினார். தலைவர் உரை, நீக்கு. 'உறுதியாக நீக்கவா?' ஆம். 'எல்லாக் கருவிகளிலும் நீக்கவா?' ஆம், ஆம். 'காரணம் குறிப்பிடுக.' குறிப்பிடாமல் போன் விடவில்லை. 'அவசரம்' என்று தட்டினார்.

தலைவர் 'எண்ணற்ற' என்பதோடு நின்றார்.

ஹபேஸ், என்றது தாயம்மாவின் குரல். ஆரியா. வெளியே நீலமேகமும் கூடச் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஹபேஸ்! ஆரியா! ஹபேஸ், சார், ஹபேஸ்!" என்று கெஞ்சினார். தாழ்ப்பாள் திறந்தது. லோகநாதன் வெளியே காலை வைப்பதற்கும் நீலமேகம் உள்ளே பாய்வதற்கும் நடுவே ஒரு ஃபைல் மட்டும் தரையில் விழுந்தது. கதவு படாரென்று மோதி, பாதி திறந்துகொண்டது.

நாங்கள் பழக்கத்தில் ஆகாயத்தைப் பார்த்தோம்.

லோகநாதன் போகவில்லை. திரும்புவதுதான் அவருக்குக் கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாக, ஹபேஸ், ஆரியா, ஹபேஸ், ஆரியா, முழுசாகத் திரும்பி, கதவை இழுத்துச் சாத்தி, விரலால் தட்டினார்.

"சார், தாப்பா போடு சார்."

"பரவாயில்லை, நீங்க போங்க!"

"பரவால்ல இல்ல சார். ரெண்டு வருசம் போடாம இருந்தவன் சொல்றேன். போடு."

உள்ளே ஒரு கை கதவைத் துழாவியது.

பிறகு, டடக்.

லோகநாதன் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். இருபத்திரண்டாவது அடியில் தாயம்மா டீயோடு நின்றார்.

"போட்டாரா?"

"போட்டாரு" என்று டீயை வாங்கிக்கொண்டார். அது தானாகவே கலங்கிக்கொண்டிருந்தது.